சிஸ்டரக்காவும் மூன்று லிட்டர் குக்கரும்

எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜைத் திறப்பவர்களுக்கு, தவறிப்போய் ஏதோ ஆஸ்பத்திரி வார்டுக்குள் நுழைந்துவிட்டோமோ என்று ஒரு சந்தேகம் வரும். பால் பாட்டில், பாதி வெங்காயம், நேற்றுச் சோறு, எதுவாக இருந்தாலும் அதன்மேல் காயத்துக்கு ஒட்டுகிற வெள்ளை டேப் இருக்கும். டேப்பில் நீல மையில் தேதி, மணி, அறை எண். என் அறை மூன்று. அதனால் என் தயிருக்கும் மூன்று, எனக்கும் மூன்று. "மூணு, உன் தயிர் நாளைக்குப் புளிச்சிடும். இன்னிக்கே முடிச்சிடு" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தால், மாடியில் தூங்குகிறவன் இறங்கி வந்து தயிர் சாப்பிட்டே ஆகவேண்டும். மறுத்துப் பார்த்தவர்கள் உண்டு. ஜெயித்தவர்கள் இல்லை.

இந்த டேப் ராஜ்யத்தை ஆண்டவர் சிஸ்டரக்கா. ஊரில் பதினான்கு வருடம் நர்ஸ். நோயாளிகள் சிஸ்டர் என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு அதுவே பெயராகிவிட்டது. இங்கே எங்களுக்கெல்லாம் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர் என்பதால் வெறும் சிஸ்டர் என்று கூப்பிட வாய் வரவில்லை. அக்காவையும் சேர்த்துக்கொண்டோம். ஒரே அர்த்தத்தில் இரண்டு சொல் எதற்கு என்று கேட்பவர்கள் அவரிடம் ஒரு வாரம் இருந்து பார்க்கட்டும், மூன்றாவதாக ஒரு சொல் தேடுவார்கள். முதல் நாளில் வாய் தவறி 'ஆன்ட்டி' என்று சொன்னவர் டாக்டர். அவருக்கு இரண்டு நாள் சாப்பாட்டில் உப்பு கிடைக்கவில்லை. கேட்டதற்கு, பிரஷர் இருக்கிற முகமாகத் தெரிகிறது என்று அக்கா சொல்லிவிட்டார்.

டாக்டர் என்றால் அவர் டாக்டர் இல்லை. ஆராய்ச்சியை முடித்தால் ஆவார். எப்போது முடியும் என்று கேட்டால் மனுஷர் சோர்ந்துபோகிறார் என்று நாங்களே முன்கூட்டிப் பட்டம் கொடுத்துவிட்டோம். நான்கு பேர் சேர்ந்து வாடகைக்கு எடுத்த அந்தப் பழைய வீட்டில் ஒன்றாம் அறை அக்கா, இரண்டாம் அறை டாக்டர், மூன்று நான். நான்காம் அறைக்கு, இந்தக் கதை நடந்த சமயத்தில், ஒரு பெண் வந்து மூன்றே வாரம் ஆகியிருந்தது. அவள் பெயர் எங்கள் வாயில் படிவதற்குள் 'புதுசு' என்று ஆகிவிட்டது. எல்லோரும் படிக்க வந்தவர்கள்தான். டாக்டர் மட்டும் படித்தார்.

வெளிநாட்டுக்குப் படிக்க வருகிறவன் முதலில் கற்றுக்கொள்வது அந்த ஊர் மொழியை இல்லை. எந்தக் கடையில் எத்தனை மணிக்கு விலை இறங்கும் என்பதைத்தான். எங்கள் தெருமுனை சூப்பர் மார்க்கெட்டில் சாயங்காலம் ஆறரைக்கு ஒருவர் கையில் ஸ்டிக்கர் சுருளோடு வருவார். அன்றோடு தேதி முடிகிற ரொட்டி, காய், முட்டை எல்லாவற்றிலும் பாதி விலை ஸ்டிக்கர் ஒட்டுவார். நானும் டாக்டரும் கல்யாண வீட்டுப் பந்திக்கு நிற்பது மாதிரி அவர் பின்னாலேயே நடப்போம். அவருக்கு அது பிடிக்காது. வேண்டுமென்றே சோப்பு வரிசைக்குப் போய் நிற்பார்.

அக்கா போனபோது கதையே மாறியது. கீழ்த் தட்டுக்குக் குனியும்போது அந்த ஸ்டிக்கர்காரர் முழங்காலைப் பிடித்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறார். பாதி அந்த ஊர் மொழி, பாதி கைஜாடை. காலை எப்படி நீட்டி மடக்கவேண்டும் என்று ரொட்டி அலமாரிக்கு முன்னால் நின்று செய்து காட்டிவிட்டு வந்தார். பத்து நாளில் முழங்கால் சரியானது. அதற்கப்புறம் அவர் ஸ்டிக்கர் சுருளோடு நேராக அக்காவின் கூடையிடம்தான் வருவார், உள்ளே இருப்பதற்கெல்லாம் ஒட்டிவிட்டுத்தான் அலமாரிப் பக்கம் போவார். அதன்பிறகு எங்கள் வீடே வயிறாரச் சாப்பிட்டது ஒரு மனிதரின் முழங்கால் புண்ணியத்தில்.

இவ்வளவு கெட்டிக்காரருக்கு ஒரே ஒரு குறை. தான் தப்புச் செய்ததாக ஒத்துக்கொள்ளவே மாட்டார். பருப்பு அடிப்பிடித்தால் அடுப்பு சரியில்லை. பஸ்ஸைத் தவறவிட்டால் பஸ் சீக்கிரம் வந்துவிட்டது. எதைச் சொன்னாலும் "அது தப்பு இல்லப்பா, அதுக்கு ஒரு காரணம் இருக்கு" என்று ஆரம்பித்து, "என் பதினாலு வருஷ சர்வீஸ்ல ஒரு ஊசிகூடக் குறைஞ்சது இல்ல" என்று முடிப்பார். நடுவில் நாம் தூங்கி எழலாம்.

அக்காவுக்கு ஊரில் ஒரு மகள், எட்டு வயது. கணவர் தபால் ஆபீஸில் வேலை பார்க்கிறார். இரண்டு வருடப் படிப்பு முடித்துப் போனால் அக்காவுக்குப் பெரிய பதவி கிடைக்கும் என்று வீட்டில் எல்லோரும் சேர்ந்துதான் அனுப்பினார்கள். அவர் கிளம்பியது விடியற்காலை விமானத்துக்கு. "தூங்கட்டும், எழுப்பாத. எழுப்பினா அதுவும் அழும், நீயும் அழுவ" என்று ஆளுக்கு ஆள் சொல்லியிருக்கிறார்கள். அக்காவும் பிள்ளையின் போர்வையைச் சரிசெய்துவிட்டு, சத்தம் போடாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். காலையில் எழுந்த பிள்ளை குளியலறை வரைக்கும் தேடியிருக்கிறது.

அன்றிலிருந்து அம்மாவிடம் பேச்சு கிடையாது. பதினொரு மாதம். கோபத்தில் கத்தியிருந்தால்கூட அக்கா தாங்கியிருப்பார். பிள்ளை கத்தவில்லை. வீடியோ காலில் ஒழுங்காக வந்து உட்காரும். ஊரில் எல்லோரிடமும் வாயாடுகிற பிள்ளை, எங்களிடமும் வாயாடும். அம்மாவிடம் மட்டும் ஒரு வார்த்தை வராது. நடுவில் ஆள் வைத்துத்தான் பேசும். அந்த ஆள் நான்.

"மாமா, மழை வந்து ஸ்கூல் லீவுன்னு அவங்ககிட்ட சொல்லுங்க."

'அவங்க' என் பக்கத்திலேயே, தோளோடு தோள் ஒட்டித்தான் உட்கார்ந்திருப்பார்.

"அக்கா, மழை வந்து ஸ்கூல் லீவாம்."

"ஜுரம் கிரம் இல்லையேன்னு கேளு மூணு."

"ஜுரம் இருக்கான்னு கேக்கறாங்கம்மா."

"நர்ஸுன்னா போன்லயே தொட்டுப் பாத்துக்கச் சொல்லுங்க மாமா."

மாமியார் மருமகள் சண்டையில் நடுவில் மாட்டிக்கொண்ட ஆண்பிள்ளைகளைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். எட்டு வயதுப் பிள்ளை என்னை அந்த இடத்தில் உட்கார வைத்துவிட்டாள். சில நாள் அவள் சொல்வதில் பாதியை நான் முழுங்கிவிடுவேன். அக்காவுக்குக் காது கேட்காதா என்ன. இருந்தாலும் நான் சொல்லும்வரை காத்திருந்துதான் பதில் சொல்வார். போனை வைத்ததும், "எழுப்பாம வந்தது தப்பு இல்லப்பா. அதுக்கு ஒரு காரணம் இருக்கு. குழந்தை அழும்ல" என்பார். யாரும் கேட்டிருக்க மாட்டோம். பிறகு ஃப்ரிட்ஜைத் திறந்து எல்லா டேப்பையும் உரித்துவிட்டுப் புதிதாக ஒட்டுவார். எனக்கு அந்தப் பிள்ளைமேல் கோபம் வரும். அக்காவைப் பார்க்கப் பாவமாக இருக்கும்.

ஒரு நாள் அந்தப் பிள்ளையே நிபந்தனை போட்டது.

"மாமா, பனி காட்டறேன்னு சொல்லித்தான அவங்க போனாங்க? இன்னும் காட்டவே இல்ல. முதல்ல காட்டச் சொல்லுங்க. பேசறதப் பத்தி அப்புறம் பாக்கலாம்."

அக்கா அதைக் கோர்ட்டுத் தீர்ப்பு மாதிரி எடுத்துக்கொண்டார். பனி காட்டினால் பிள்ளை பேசும், அவ்வளவுதான். பனிக்கு எங்கே போவது என்றும் தேடவேண்டியதில்லை. எங்கள் குளியலறை ஜன்னலில் எட்டிப் பார்த்தால் மலை தெரியும், அதன் உச்சியில் வெள்ளையும் தெரியும். பதினொரு மாதமாகப் பல் தேய்க்கும்போது மட்டும் பார்த்துக்கொண்டிருந்தோம். ரயில், அதற்குமேல் ரோப்கார், இரண்டுக்கும் டிக்கெட் எடுத்தால் ஒரு வாரம் பட்டினி. அதோடு சனி ஞாயிறில் அக்கா ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்த்தார். விடுமுறை கிடைப்பதே அபூர்வம்.

நான்கு பேர் சேர்ந்து போனால் ரயிலில் ஒரே டிக்கெட் போதும் என்று ஒரு சலுகை இருப்பதைக் கண்டுபிடித்தது டாக்டர். ரோப்காரில் பாதி தூரம் மட்டும் போய், மீதியை நடந்து ஏறலாம் என்று யோசனை சொன்னது நான். நடக்கப்போவதில் நானும் ஒருவன் என்பதை மறந்து சொல்லிவிட்டேன். அக்காவுக்கு ஒரே ஒரு சனிக்கிழமை விடுமுறை கிடைத்தது. அதற்கு அடுத்த சனி வந்தால் பழுது பார்ப்பதற்காக ரோப்காரை நிறுத்திவிடுவார்கள், இரண்டு மாதம் ஓடாது. ஆக அந்த ஒரு நாள்தான்.

சாப்பாட்டுக்கு என்ன செய்வது என்பதில் முதல் சண்டை. மலை உச்சியில் ஒரு ஹோட்டல் உண்டு. அங்கே ஒரு கிண்ணம் சூப்பின் விலையைக் கேட்டு டாக்டர் தண்ணீர் குடித்தார்.

"ரொட்டியும் ஜாமும் கொண்டு போயிடலாம்" என்றேன்.

"நாலு மணி நேரம் நடந்துட்டு ஜாமா? விரதம் இருக்கவா மலைக்குப் போறோம்?" என்றார் அக்கா.

மலையேறுகிறவர்கள் ஒதுங்குவதற்கு உச்சியில் ஒரு மரக்கூடம் இருக்கிறது, அதில் கேஸ் அடுப்பு உண்டு, பாத்திரம் கொண்டுபோனால் சும்மாவே சமைத்துக்கொள்ளலாம் என்பதை அவர் ஏற்கெனவே விசாரித்து வைத்திருந்தார். அரிசி, பருப்பு, உருளைக்கிழங்கு மூன்றையும் ஒன்றாகப் போட்டு இறக்கிவிடலாம் என்பது திட்டம். இந்த இடத்தில் டாக்டர் தன் படிப்பைக் காட்டினார். உயரத்தில் தண்ணீர் சீக்கிரமே கொதித்துவிடும், ஆனால் அதில் சூடு குறைவு, வெறும் பாத்திரத்தில் பருப்பு எத்தனை மணி நேரமானாலும் வேகாது என்று பேப்பரில் கோடு போட்டு விளக்கினார்.

"அப்போ?" என்றார் அக்கா.

"அப்போ குக்கர்தான்."

வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை டாக்டரின் படிப்பு எங்களுக்குப் பயன்பட்டது. அதன் பலனாக மூன்று லிட்டர் குக்கர் என் முதுகில் ஏறியது.

கிளம்பும்போது அக்கா பேப்பரை வைத்துக்கொண்டு ஆபரேஷனுக்கு முன்னால் கத்திரி எண்ணுவது போல எண்ணினார். அவர் கேட்க, நான் பையைத் தொட்டுச் சொல்லவேண்டும். "குக்கர்?" "ஒண்ணு." "மூடி?" "ஒண்ணு." "ரப்பர்?" "ஒண்ணு." "கரண்டி?" "ரெண்டு." "தட்டு?" "நாலு." மூன்று தடவை எண்ணினோம். மூன்று தடவையும் சரியாக இருந்தது. புதுசு வாசலில் நின்று வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள். வந்து மூன்று வாரத்தில் அவளுக்கு அக்காவைப் பற்றித் தெரிந்தது டேப் மட்டும்தான். மகள் விஷயத்தை யாரும் சொல்லியிருக்கவில்லை. வீட்டுக்கு வந்தவளிடம் எடுத்த எடுப்பில் எப்படிச் சொல்வது.

ரயிலில் எங்களுக்கு எதிரே உட்கார்ந்தவர்கள் எல்லோரும் மலைக்கென்றே பிறந்தவர்கள் போல இருந்தார்கள். கம்பு, கறுப்புக் கண்ணாடி, முள் வைத்த பூட்ஸ். எங்கள் கோஷ்டியில் டாக்டர் பரீட்சைக்குப் போகிற சட்டையில் வந்திருந்தார். புதுசு கேன்வாஸ் ஷூவுக்குமேல் பிளாஸ்டிக் பையைக் கட்டி ரப்பர் பேண்ட் போட்டிருந்தாள், அக்காவின் ஏற்பாடு. நான் அசையும்போதெல்லாம் முதுகில் குக்கருக்குள் கரண்டி 'டங் டங்' என்று அடித்தது. ஒரு குழந்தை என்னையே பார்த்துக்கொண்டு வந்தது. நான் எங்கோ மணி அடிக்கிற ஆள் என்று நினைத்திருக்கும்.

ரோப்காரில் பாதி மலைவரை போய் இறங்கினோம். நடை ஆரம்பித்தது. குறை சொல்லக் கூடாது, மலை அழகுதான். ஆனால் மூச்சு வாங்குகிறவனுக்கு எந்த அழகும் ஒரு பெஞ்சுக்கு ஈடாகாது. நூறு அடிக்கு ஒரு தடவை அக்கா எங்களை நிறுத்தி, வரிசையாக மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தார். "டாக்டர், உனக்கு நூத்தி இருவது ஓடுது. உக்காரு." "புதுசு பரவால்ல." என் கையைப் பிடித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் விட்டார். அதுதான் பயமாக இருந்தது. அவருக்கு மட்டும் மூச்சே வாங்கவில்லை. ஒரு மணிக்குப் போன் பண்ணுவதாக வீட்டில் சொல்லி வைத்திருந்தார். நம் ஊரில் மழை லீவுக்கு ஈடாகச் சனிக்கிழமையும் பள்ளிக்கூடம், அந்த நேரத்துக்குப் பிள்ளை வீட்டுக்கு வந்திருக்கும். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை வாட்ச்சைப் பார்த்து, "இன்னும் கொஞ்சம்தான், இன்னும் கொஞ்சம்தான்" என்று எங்களை ஆடு ஓட்டுவது மாதிரி ஓட்டினார்.

பன்னிரண்டரைக்கு உச்சி. கண் கூசுகிற வெள்ளை. புதுசு முதல் தடவையாகப் பனியைப் பார்க்கிறவள், அப்படியே உட்கார்ந்து அதைத் தட்டிப் பார்த்தாள். அக்கா ஒரு பார்வை பார்த்தார், இருக்கிறதா என்று உறுதி செய்துகொண்டார், நேராகச் சமையலுக்குப் போய்விட்டார். பசியோடு இருப்பவர்களை விட்டுவிட்டு எதையும் ரசிக்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது.

மரக்கூடத்தில் நீள மேஜையும் இரண்டு அடுப்பும் இருந்தன. இன்னொரு கோஷ்டி ஏதோ பொட்டலத்தில் வெந்நீர் ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. அக்கா அரிசி, பருப்பைக் கழுவினார். கிழங்கு நறுக்கினார். உப்பு, மஞ்சள்தூள், மிளகாய்த்தூள் போட்டார். மூடியைத் திருகினார். ஆவி மேலே சீறிக்கொண்டு வந்ததும், திரும்பிப் பார்க்காமல் என் பக்கம் கையை நீட்டினார்.

"வெயிட்."

நான் பையில் கையை விட்டேன். முன் ஜிப், பின் ஜிப், பக்கவாட்டுப் பை. பையைக் கவிழ்த்தேன். ஒரு கரண்டி விழுந்தது.

"எங்கக்கா வெச்சீங்க?"

அக்காவின் கை தானாகக் கழுத்துக்குப் போனது. சங்கிலியோடு ஒரு சின்னச் சாவி. எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. போன மாதம் நான் குக்கரை அடுப்பில் வைத்துவிட்டுத் தூங்கிப்போய், சமையலறைச் சுவரெல்லாம் கறுத்துப்போயிருந்தது. அன்றிலிருந்து அக்கா வெயிட்டைத் தனியாகக் கழற்றி, ஆஸ்பத்திரியில் விஷ மருந்தைப் பூட்டி வைக்கிற மாதிரி, தன் மேஜை டிராயரில் பூட்டி வைத்திருந்தார். அவர் வந்து திறந்து கொடுத்தால்தான் எங்களுக்கு விசில். சாவி மலை ஏறிவிட்டது. வெயிட் வீட்டில் இருக்கிறது.

"மறந்துட்டீங்களாக்கா?" என்று டாக்டர் மெதுவாகக் கேட்டார்.

"மறக்கல. அதுக்கு ஒரு காரணம் இருக்கு. நான் லிஸ்ட் போட்டது சமையல் சாமானுக்கு. வெயிட்டு சமையல் சாமான் இல்ல, பூட்டி வெக்கற சாமான். அது வேற லிஸ்ட்டு."

"அந்த லிஸ்ட் எங்கக்கா?"

"போடல."

"யானையை வாங்கிட்டு அங்குசத்தை விட்டுட்டு வந்த கதைதான்" என்றார் டாக்டர். "விடுங்கக்கா, யானைக்கும் அடி சறுக்கும்" என்று புதுசு சமாதானம் சொன்னாள். ஒரு மூன்று லிட்டர் குக்கருக்கு இரண்டு யானைகள். அக்கா இரண்டு பேரையும் முறைத்தார். துளையின்மேல் ஒரு கல்லை வைத்துப் பார்க்கலாமா என்று நான் கேட்டதற்கு, "வெடிச்சா உன் மூஞ்சியில எந்தப் பக்கம் மூக்கு இருந்துச்சுன்னு எனக்கு ஞாபகம் இருக்காது" என்றார். கடைசியில் குக்கரை வெறும் பாத்திரமாகவே பாவித்து வேகவிடுவது என்று முடிவானது. புதுசைக் காவலுக்கு வைத்துவிட்டு, மணி ஒன்று ஆகப்போகிறது என்று என்னை இழுத்துக்கொண்டு வெளியே வந்தார். டாக்டர் குளிருக்குப் பயந்து அடுப்புப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

சிக்னல் ஒரு பாறைக்குப் பக்கத்தில்தான் கிடைத்தது. போனை நான் பிடித்தேன். அக்கா பனியில் முழங்கால் வரை இறங்கி நின்றார். தலையைக் கோதிக்கொண்டார்.

அந்தப் பக்கம் முதலில் அப்பா தெரிந்தார். பிறகு பள்ளிக்கூட யூனிஃபார்மோடு பிள்ளை, கையில் பிஸ்கட்.

"பாரு, பாரு, பனி," என்றார் அக்கா. "எவ்வளவு இருக்கு பாத்தியா? சொன்னேன்ல காட்டறேன்னு?"

கை நிறைய அள்ளிக் காட்டினார். மேலே தூவினார். உருண்டை பிடித்து என்மேல் எறிந்தார். திரும்பத் திரும்ப அள்ளினார். விரலெல்லாம் சிவந்துவிட்டது. பிள்ளை பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டே பார்த்தது. டிவியில் விளம்பரம் ஓடும்போது பார்ப்போமே, அப்படி.

"மாமா."

"சொல்லும்மா."

"பாத்தாச்சுன்னு சொல்லுங்க."

நான் சொல்லவில்லை. அக்கா கையில் பனியோடு அப்படியே நின்றார். "இன்னும் கொஞ்சம் மேல போனா இதவிட நிறைய இருக்குன்னு சொல்லு மூணு" என்றார். அதையும் நான் சொல்லவில்லை. பிள்ளை நாற்காலியை விட்டு இறங்கியது. "இரும்மா, அம்மா எவ்வளவு தூரம் ஏறிப் போயிருக்காங்க" என்று அப்பா பிடித்து நிறுத்தினார். அவர் குரலே சரியில்லை. பதினொரு மாதமாக அக்கா நம்பிக்கொண்டிருந்தது ஒரு நிமிடத்தில் தீர்ந்துபோனதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பேசாமல் கட் பண்ணிவிடலாமா, சிக்னல் போய்விட்டது என்று சொல்லிவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

அப்போதுதான் மரக்கூடத்துக் கதவைத் திறந்துகொண்டு, கையில் கரண்டியோடு, புதுசு ஓடி வந்தாள். நிலைமை தெரியாதவள்.

"அக்கா, அரிசி பாதிதான் வெந்திருக்கு. பருப்பு கல்லு மாதிரி கெடக்கு. வெயிட்ட வீட்ல வெச்சுப் பூட்டிட்டு வந்தா எப்படிக்கா வேகும்?"

அந்தப் பக்கம் பிள்ளை நின்றது.

"மாமா, என்ன வெயிட்டு?"

அக்கா எதிரிலிருந்து, சொல்லாதே என்று கையை ஆட்டினார். எனக்கு அன்றைக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ தெரியாது. "குக்கர் வெயிட்டும்மா. உங்கம்மா குக்கரை மலை மேல தூக்கிட்டு வர வெச்சாங்க. வெயிட்ட வீட்ல பூட்டி வெச்சுட்டு, சாவிய மட்டும் கழுத்துல போட்டுட்டு வந்துட்டாங்க."

பிள்ளை அப்பாவைப் பார்த்தது. அப்பா சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. அவ்வளவுதான். பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு, பிஸ்கட் தூள் தெறிக்கச் சிரித்தது. சிரித்து முடித்து, மூஞ்சியைப் போன் பக்கத்தில் கொண்டுவந்து கேட்டது.

"மறந்துட்டியா?"

என்னைத்தான் கேட்கிறாள் என்று பதில் சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். பிறகுதான் உறைத்தது. என்னை அவள் 'நீங்க' என்றுதான் சொல்வாள். போனை அப்படியே அக்காவின் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்து நின்றேன். இனி நடுவில் ஆள் எதற்கு.

அதற்கு ஒரு காரணம் இருக்கு என்று ஆரம்பிக்கப்போகிறார், கெட்டது காரியம் என்று நினைத்தேன். வாயைத் திறந்தார். மூடினார்.

"மறந்துட்டேன்" என்றார்.

"லிஸ்ட்டு எழுதலையா?"

"எழுதினேன். அதுலயும் விட்டுட்டேன்."

"நான் இருந்திருந்தா எடுத்து வெச்சிருப்பேன்."

அக்கா பனியிலேயே உட்கார்ந்துவிட்டார். "ஆமா," என்றார். "நீ எடுத்து வெச்சிருப்ப." புதுசு கரண்டியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"அன்னிக்கு உன்னை எழுப்பாம வந்தேன்ல. அதுவும் தப்புதான்" என்றார் அக்கா. "எல்லாரும் சொன்னாங்கன்னு வந்துட்டேன். அம்மா எழுப்பியிருக்கணும்."

பிள்ளை யூனிஃபார்ம் பொத்தானைத் திருகியது.

"நான் அழுதிருக்கவே மாட்டேன்," என்றது. "டாட்டா சொல்லியிருப்பேன்."

அக்கா தலையை மட்டும் ஆட்டினார். அங்கே போனில் தெரிந்ததோ இல்லையோ, மறுபடியும் மறுபடியும் ஆட்டினார்.

"அடுத்த தடவ போறப்போ எழுப்பு."

"எழுப்பறேன்."